ஜெராக்ஸ் போதும் மேடம்

குத்தாலத்தில் வானதி சிஸ்டரின் கோபத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பிரசவ வார்டில் நின்று அவள் ஓர் அதட்டல் போட்டால், வயிற்றுக்குள் காலை நீட்டிக்கொண்டு சொகுசாகக் கிடக்கிற பிள்ளைகூட நமக்கு எதுக்கு வம்பு என்று தலையைக் கீழே திருப்பிக்கொள்ளுமாம். ஒருநாள் அவள் போட்ட சத்தத்தில், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு கிழவர் தானும் முக்க ஆரம்பித்துவிட்டார் என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். இதில் பாதியைக் கழித்துவிடலாம். மீதிப் பாதியே தாராளம்.

அந்தக் கோபம் முழுசாக வெளியே வந்தது ஒரே ஒரு முறைதான். குறுவை அறுத்து முடிந்து, சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம் அது.

வானதி வேலை பார்த்தது டாக்டர் ராஜராஜனின் ஆஸ்பத்திரியில். பெயர்தான் அவருடையது. டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற எல்லாவற்றையும், டாக்டர் உட்பட, அவருடைய மனைவி கமலாம்பாள் பார்த்துக்கொள்வாள். இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணில் மூக்குக்கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் சம்பள உயர்வு கேட்க வந்தவர்கள் லீவு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். லீவு கேட்க வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

அன்று காலை கமலாம்பாள் கூப்பிட்டனுப்பினாள்.

"உக்காரு வானதி. தை மாசம் தரச் சான்றிதழ் குடுக்கிறவங்க ஆஸ்பத்திரியப் பாக்க வராங்க. வார்டு இன்சார்ஜுன்னா டிகிரி இருக்கணுமாம். நீ வெறும் டிப்ளமோ."

"வெறும் டிப்ளமோவா?"

"கோச்சுக்காத. உனக்குன்னு ஒரு வழி பாத்து வச்சிருக்கேன். ஆன்லைன்ல நர்சிங் டிகிரி இருக்கு. வேலை பாத்துகிட்டே முடிச்சிரலாம். இந்தா நம்பரு. மாசக் கடைசிக்குள்ள சேந்துரு. இல்லன்னா அந்தப் பொறுப்ப வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

பட்டம் படிக்கச் சொன்னதில் வானதிக்கு வருத்தமில்லை. பி.எஸ்சி. படிக்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். அப்பா கண்ணை மூடிய வருஷம் அது, டிப்ளமோவோடு நின்றுபோயிற்று. அந்த ஆசையை இத்தனை காலமும் டிபன் பாக்ஸ் மாதிரி கூடவே எடுத்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள். திறந்து சாப்பிடத்தான் நேரம் வாய்க்கவில்லை. பிரசவ வார்டு அவள் கையில் வளர்ந்தது. யாரோ வந்து அதன் சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டதும் கை தானாகப் போய் அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

"சரி மேடம், படிக்கிறேன். நாலு காலேஜுல விசாரிக்கணும். என் ஒரிஜினல குடுங்க."

கமலாம்பாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஒரிஜினல் எதுக்கு? இந்த கோர்ஸுக்கு அதெல்லாம் கேக்க மாட்டாங்க. ஜெராக்ஸ் போதும்."

வேலைக்குச் சேருகிற நர்சிடம் மதிப்பெண் சான்றிதழ், டிப்ளமோ, நர்சிங் கவுன்சில் பதிவு எல்லாவற்றையும் அசலாக வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொள்வது அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம். அங்கே மட்டுமா? கேட்டால், பத்திரமாக இருக்கட்டும் என்பார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, நர்சுக்கு ஒரிஜினல். இழுத்த இழுப்புக்கு வரும், பக்கத்துத் தொழுவத்துக்குப் போகாது. சேர்ந்த அன்று கொடுத்ததுதான். தன் பெயர் போட்ட டிப்ளமோ என்ன நிறம் என்பதே வானதிக்கு மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட சத்தத்தில் நாற்றங்காலில் மேய்ந்த கொக்குகள் கிளம்பிப்போய், மூன்று ஊர் தாண்டி இறங்கினவாம். கணவன் மதிவாணன் மட்டும் எங்கேயும் போகமுடியாமல் அகப்பட்டுக்கொண்டான். குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கிறவன், அதிர்ந்து பேசாதவன். மண்வெட்டியைச் சார்த்தி வைத்துவிட்டுத் துணிந்து சொன்னான்:

"ஆன்லைனுன்னா நல்லதுதானே வானதி? வேலையும் போவாது. வீட்டுலயே உக்காந்து படிச்சிக்கலாம்."

"ஏன், நீங்க ஆன்லைன்ல நடவு நடுங்களேன். வீட்டுலயே உக்காந்து சாப்பிட்டுக்கலாம்."

"அதான் மிஷின் நடவு வந்திருச்சே…"

"மிஷினும் சேத்துலதாங்க எறங்குது!"

மதிவாணன் மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, வேலையே இல்லாத வயலுக்கு வேலை பார்க்கப் போனான்.

ஆனாலும், ஒளிக்காமல் சொன்னால், அவளுக்கும் சபலம் தட்டியது. இரண்டு மூன்று நாள் போனில் தேடிப் பார்த்தாள். தேடியது ஒரு தப்பு. அதற்குப் பிறகு சமையல் குறிப்பைத் திறந்தால்கூட நடுவில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு வந்து சிரித்தாள். கவுன்சில் அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தது. அங்கே பேசியபோது ஓர் அம்மாள் வழவழா இல்லாமல் சொன்னாள்: இரண்டு வருஷம், தினமும் நேரில் வரவேண்டும், வார்டில் நின்று பயிற்சி, சேரும்போது ஒரிஜினல் வேண்டும். வீட்டிலிருந்தே முடிக்க முடியாதா என்றதற்கு, "நர்சிங்குக்கு அப்படி ஒண்ணு இல்லம்மா, யார் சொன்னாலும் நம்பாதீங்க" என்று வைத்துவிட்டாள். தினமும் போனால் வேலை என்ன ஆவது? வார்டு என்ன ஆவது? ஒருபக்கம் இது. மறுபக்கம் கமலாம்பாள் கொடுத்த நம்பர், ஜெராக்ஸ், வீட்டு நாற்காலி. கால் வீங்கி வீடு திரும்புகிறவளுக்கு நாற்காலியின் பக்கம்தான் மனசு சாயும்.

இந்தச் சமயத்தில்தான் மதிவாணனின் அக்கா பிரகதீஸ்வரி வந்து இறங்கினாள்.

பிரகதீஸ்வரிக்குத் திருவிடைமருதூர். தொழில் என்று எதுவும் கிடையாது. கல்யாணம் முடித்து வைப்பாள். மகாலிங்கசுவாமி தேருக்கு வடம் பிடிக்க வருகிற கூட்டத்தில் பாதி, அவள் முடித்த கல்யாணங்களில் பிறந்தது என்பார்கள். மீதிப் பாதி, அவள் வேண்டாம் என்று தடுத்ததால் தப்பித்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"நம்பர் குடுத்தாங்களே, விசாரிச்சியா?"

"இன்னும் பேசலக்கா. நாளைக்குப் பேசி சேந்துரலாம்னு…"

"விசாரிக்காமயா? அடி என் தங்கமே! ஒரு மாப்பிள்ளைய இப்படித்தான் புடிப்பியா?"

"இது படிப்புக்கா."

"ஆயுசுக்கும் உன் பேருக்குப் பின்னால வரப்போவுதுல்ல? அப்ப சம்பந்தம்தான். நான் சொல்றதக் கேளு. பொண்ணு வீட்டுக்காரங்கன்னு சொல்லிகிட்டு விசாரிச்சா, மொடாக் குடிகாரனக்கூட 'தீர்த்தமே தொடமாட்டான்'னுதான் சொல்லுவானுவ. வாடகைக்கு வீடு பாக்க வந்தவ மாதிரி போவணும். நம்ம பேரு, ஊரு, உறவு எதையும் சொல்லக் கூடாது. அப்பத்தான் உள்ள இருக்கறது வெளில வரும்."

பிரகதீஸ்வரி தன்னுடைய போனிலிருந்தே அந்த நம்பரைப் போட்டாள். சத்தத்தைப் பெரிதாக வைத்தாள். வானதியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானையை எடுத்து அவள் வாயில் வைத்து, "மூச்சு விடக் கூடாது" என்றாள்.

எடுத்தவன் குரல் அப்படியொரு தித்திப்பு. போனைக் கீழே வைத்திருந்தால் எறும்பு மொய்த்திருக்கும்.

"வணக்கம் மேடம்! சொல்லுங்க மேடம்!"

"தம்பி, என் தங்கச்சி மருமக ஒருத்தி நர்சு. வேலை பாத்துகிட்டே டிகிரி படிக்கணுமாம்."

"சூப்பர் மேடம்! கரெக்டான இடத்துக்கு வந்திருக்கீங்க. ஒரிஜினல்கூட வேணாம், ஜெராக்ஸ் போதும் மேடம்."

"கிளாஸு எப்ப?"

"அவங்க எப்ப ஃப்ரீயோ அப்ப. வீடியோ அனுப்பிருவோம். பாத்தாலும் சரி, ஓட விட்டுட்டு சமையல் பண்ணினாலும் சரி."

வானதியின் வாயில் முந்தானை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"ஊசி போடறதும் வீடியோவுலதானா தம்பி?"

"அவங்கதான் ஏற்கெனவே நர்சாச்சே மேடம்!"

"அதுவும் சரிதான். அடுத்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. பன்னெண்டாவதுதான் முடிச்சிருக்கு. நர்சு வேலை ஒண்ணும் தெரியாது. அதையும் சேத்துக்குவீங்களா?"

"தாராளமா! ரெண்டு பேரா சேத்துவிட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு மிக்ஸி மேடம்."

பிரகதீஸ்வரி வானதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இத்தனை வருஷத்தில் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் அவளுக்கு மிக்ஸி தந்ததில்லை.

"ஆஸ்பத்திரிப் பயிற்சி உண்டுங்கறாங்களே தம்பி. அதுக்கு எங்க போவணும்?"

"உங்களுக்கு எந்த ஊரு மேடம்?"

"திருவிடைமருதூர்."

"அப்ப பக்கத்துலயே! குத்தாலத்துல டாக்டர் ராஜராஜன் சாரோட ஆஸ்பத்திரி, நம்ம டை-அப்தான். ஆனா போவவே வேணாம் மேடம். பயிற்சி முடிச்சதா அங்கேர்ந்து பேப்பர் வந்துரும். வானதின்னு ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருக்காங்க, அவங்க பேர்லதான் வரும்."

முந்தானை வாயிலிருந்து விழுந்தது. பிரகதீஸ்வரி சட்டென்று கையால் பொத்தினாள்.

"அந்தம்மாவா! ரொம்பக் கண்டிப்புன்னு கேள்விப்பட்டேனே. பக்கத்துல போனா கடிச்சிருமாம்ல?"

"அய்யோ, அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல மேடம்! அவங்களே நம்ம ஸ்டூடண்டுதான். இந்த மாசம் சேர்றாங்க. அவங்க பயிற்சிக்கும் அவங்களேதான் கையெழுத்து."

"போட மாட்டேன்னுட்டா?"

"அவங்க சீலு ஆஸ்பத்திரி ஆபீஸ்லயே இருக்கு மேடம். யாரு வேணா அடிச்சிக்கலாம்."

பிரகதீஸ்வரி நல்லபடியாக விடைபெற்று போனை வைத்தாள். பிறகு வானதியின் வாயிலிருந்து கையை எடுத்தாள். கையில் பல் பதிந்திருந்தது.

அப்போது வந்ததுதான் அந்தக் கோபம். வாய்க்காலில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் ஒரு நிமிஷம் நின்று, எந்தப் பக்கம் ஓடினால் நல்லது என்று யோசித்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். தாலுகா ஆபீஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து, கிடப்பில் கிடந்த பட்டா மனுக்களுக்கெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்களாம். அந்த வாரம் பட்டா கிடைத்தவர்கள் இன்றைக்கும் வானதியை வாழ்த்துகிறார்கள்.

"நானே எனக்கு வாத்தியாரு, நானே எனக்குப் பிள்ளை! தினம் நான் பாக்குற டியூட்டியையே பயிற்சின்னு பேரு வச்சு, அதுக்கு என்கிட்டயே ஃபீஸ் வாங்குவாங்களாம்! என்னங்க கேட்டீங்களா?"

மதிவாணன் கேட்டான். அடுத்த தெருவும் கேட்டது.

"அதுகூடப் போவட்டும்க்கா. அந்தப் பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு நாளைக்கு எங்கயோ ஒரு ஊர்ல, பொறந்த புள்ளைய கையில ஏந்திகிட்டு நிப்பா. புள்ள மூச்சு விடாம நீலம் பாரிக்கும். என்ன செய்யறதுன்னு அவளுக்குத் தெரியாது. ஆனா இவளுக்கு வானதி சொல்லிக்குடுத்தாள்னு பேப்பர் இருக்கும். நான் கண்ணால பாக்காத பொண்ணு, நான் தொட்டே பாக்காத புள்ள. பாவம் மட்டும் என்னோடது!"

இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பிரகதீஸ்வரியே வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலைல போவலாம்" என்றாள். "நானும் வரேன்."

"நீங்க எதுக்குக்கா?"

"ஒரு சம்பந்தத்த முறிக்கணும்னா அதுக்கும் ஒரு முறை இருக்கு. பொருந்தலைன்னு சொல்லி வாங்கின ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துரணும். வச்சிகிட்டா அந்தக் குடும்பத்துக்கு ஆவாது. உன் ஜாதகம் அந்தம்மா பீரோவுலல்ல கெடக்கு?"

மறுநாள் காலை, புற நோயாளிகள் நிரம்பி வழிகிற நேரம். பிரகதீஸ்வரி அரக்குப் பட்டுப் புடவையில், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பூவன்பழம் வைத்த தட்டோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். பின்னால் சீருடையில் வானதி. கமலாம்பாள் தட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே வந்தாள். அவளுக்கு வெளிநாட்டில் ஒரு டாக்டர் மகன் இருந்தான். சித்திரையிலிருந்து பிரகதீஸ்வரியிடம் அவனுக்குப் பெண் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க! நல்ல சேதியா?"

"ஒரு சம்பந்தம் பொருந்தலம்மா. மரியாதையா முடிச்சிகிட்டுப் போவலாம்னு வந்தேன். இவ சொல்லுவா." தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, கூடத்துக்கு நடுவில் ஒரு பெஞ்சியில் நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

வானதி நின்றபடியே கேட்டாள். "மேடம், எனக்கு நான் எப்பலேர்ந்து டீச்சர்?"

"என்ன உளர்ற?"

"நீங்க குடுத்த நம்பர்ல பேசினோம். இங்க பயிற்சி எடுத்ததா என் பேர்ல, என் சீல்ல பேப்பர் போவப் போவுதாம். பன்னெண்டாவது படிச்ச பொண்ணுக்கும் போவுமாம். சேத்துவிட்டா மிக்ஸியாம். உங்களுக்கு மிக்ஸி வந்திருச்சா மேடம்?"

"மெதுவாப் பேசு வானதி. உள்ள வா."

"உள்ள வந்து பேச இது என்ன என் வீட்டு ரகசியமா?"

வரிசையில் நிறைமாத மகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்துவிட்டாள். "ஏம்மா, எங்க பொண்ணுக்கு அடுத்த வாரம் நாள் சொல்லியிருக்கு. இங்க பிரசவம் பாக்குறது நர்சா, வீடியோ பாத்த பொண்ணா?"

கூடம் சலசலத்தது. சத்தம் கேட்டு டாக்டர் ராஜராஜன், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"யாரோ ரெண்டு பேரு வந்தாங்கம்மா வானதி. டை-அப்னாங்க. நம்ம ஆஸ்பத்திரி பேரு பரவும்னாங்க. நான் விவரமாக் கேட்டுக்கல."

"ஒரு மாத்திரைக்கு நூறு கேள்வி கேப்பீங்களே சார். என் பேர எடுத்துக் குடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லுங்க சார். என் சீலக் குடுங்க. அப்புறம் என் ஒரிஜினல். இதுக்கு மேல ஒரு பேப்பர்ல என் பேரு வந்துச்சுன்னா, அது நான் போட்டது இல்லைன்னு கவுன்சிலுக்கு எழுதுவேன். வராட்டியும் எழுதத்தான் போறேன்."

கமலாம்பாள் நிமிர்ந்தாள். "ஒரிஜினல வாங்கிகிட்டுப் போனா இன்சார்ஜ் பொறுப்பு போயிரும், தெரியுமில்ல?"

இதுதான் வானதி பயந்துகொண்டிருந்த வார்த்தை. கேட்டபிறகு ஒன்றும் ஆகவில்லை.

"போவட்டும் மேடம். தஞ்சாவூர்ல நேர்ல போயே படிக்கிறேன். டிகிரியோட வந்து நிக்கிறேன். அப்பக் குடுக்கணும்னு தோணினா குடுங்க. இல்லன்னா என்ன, மத்த ஆஸ்பத்திரியிலயும் புள்ள பொறக்குது."

கமலாம்பாள் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பிரகதீஸ்வரி பெஞ்சியிலிருந்து, யாருக்கோ சொல்வதுபோல் பக்கத்து நோயாளியிடம் சொன்னாள்:

"பொருந்தாத ஜாதகத்தப் புடிச்சி வச்சிக்கற வீட்டுல பொண்ணு குடுக்க நாலு பேரு யோசிப்பாங்கம்மா. என்கிட்டத்தான் விசாரிப்பாங்க. நான் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

சாவிக்கொத்து இடுப்பிலிருந்து வந்துவிட்டது.

பீரோ திறந்ததும் பாச்சை உருண்டை நெடி கூடம் வரை அடித்தது. வானதியைப்போல எத்தனையோ பெண்களின் பழுப்புக் கவர்கள் உள்ளே அடுக்கடுக்காக இருந்தன. அவளுடையது அடியில் கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். டிப்ளமோவுக்கு இளமஞ்சள் நிறம். மூலையில் ஒட்டியிருந்த போட்டோவில் ஒரு சின்னப் பெண் இரட்டைச் சடையோடு, யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். வானதி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பீரோவைச் சாத்தப்போன கமலாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாத்தாதீங்க மேடம். மத்த புள்ளைங்களோட ஜாதகமும் இருக்குல்ல? இன்னிக்கு டியூட்டில இருக்கறவங்கள வரச் சொல்றேன்."

வந்தார்கள். முதலில் சபிஹா என்கிற சின்ன நர்சு, கையைத் துடைத்துக்கொண்டு, நம்பாமல் வந்தாள். "நெசமாவே குடுக்கறாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, கவரை வாங்கியதும் முத்தம் கொடுத்தாள். டாக்டர் அதற்குள் போனில் டை-அப் வேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார். சீலையும் தானே எடுத்துவந்து வானதியிடம் கொடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"காலேஜு தினம் போனாலும், சனி ஞாயிறு வருவியாம்மா? நீ இல்லாம வார்டு…"

"வரேன் சார். சாதா ஸ்டாஃபா வரேன். ஒரிஜினல் மட்டும் எங்க வீட்டுப் பீரோவுல இருக்கும்."

சொன்னபடியே வானதி கவுன்சிலுக்கு எழுதினாள். மாசக் கடைசியில் வார்டுச் சாவியைக் கொடுக்கும்போது அழவில்லை. வெளியே வந்து, மதிவாணனின் வண்டியில் ஏறி, ரயில்வே கேட் தாண்டியபிறகுதான் அழுதாள். அவன் திரும்பிப் பார்க்காமல், "அந்த மிஷின் நடவு பேச்ச நான் எடுத்திருக்கக் கூடாது" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்லூரியில் சேர்கிற அன்று பிரகதீஸ்வரியும் கூட வந்தாள். விசாரித்த இடம்தான், ஆனாலும் நேரில் ஒரு தடவை பார்க்காமல் பெண்ணை அனுப்ப அவளுக்கு மனசில்லை. பஸ் பாபநாசம் தாண்டும்போது அவள் போன் அடித்தது. அதே தித்திப்புக் குரல்.

"மேடம், சீட்டு இன்னிக்கோட க்ளோஸ் ஆகுது மேடம்! உங்க தங்கச்சி மருமக என்ன முடிவு பண்ணினாங்க?"

"பொண்ணுக்கு வேற இடம் முடிவாயிடுச்சு தம்பி."

"அய்யோ! எந்த இடம் மேடம்? எங்களவிட பெட்டர் ஆஃபரா?"

"ஒரிஜினல் கேட்டாங்க. அதான் புடிச்சுப் போச்சு." பிரகதீஸ்வரி கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன் தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இ… இல்ல மேடம்."

"குரல் நல்லாத்தான் இருக்கு. வேலைதான் சரியில்ல. வேற வேலை பாத்துட்டுக் கூப்புடு, பொண்ணு பாக்குறேன். அதுவரைக்கும் உன்னப்பத்தி யாரு விசாரிச்சாலும் நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வானதி பழுப்புக் கவரை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஜன்னல் காற்று பலமாக அடித்தது. அவள் பிடி தளரவேயில்லை.